வீரையன் நூல் பிடித்த விமானம்

வீரையன் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஓர் ஏச்சில்தான். கீழ்வேளூருக்கு மேற்கே குறுவை நடவில் நின்றுகொண்டிருந்தோம். வாய்க்கால் ஓரம் டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போதும், நிறுத்துங்க என்று எங்களோடு நட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய் கத்தினாள். நிறுத்தப் போன ஆள் கம்பியை இழுத்தான். கம்பி கையோடு வந்துவிட்டது. என்ஜின் நிற்கவில்லை, இன்னும் வேகம் எடுத்தது. நட்ட நாற்றையெல்லாம் தண்ணீர் பெயர்த்துக்கொண்டு போனது.

"எவன்டி இந்த என்ஜினுக்கு ரிப்பேரு பாத்தது?"

"காத்தாயி மவன். வீரையன்."

"அவன் கையில புத்து வைக்க! எங்கடி அந்த வீரையன்?"

அந்த வீரையன் பக்கத்து வயலிலிருந்து ஓடி வந்தான். கிடந்த சாக்கைத் தண்ணீரில் நனைத்து, என்ஜின் காற்று இழுக்கிற வாயில் வைத்து அழுத்தினான். இரண்டு தரம் இருமிவிட்டு அது அடங்கியது. பொன்னுத்தாய் விடவில்லை.

"நிக்கத் தெரியாத என்ஜின ஏன்டா ஓட விட்டே?"

"நான் ஓட விடலக்கா. கம்பி வாங்கியாந்து போடுற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"யாருட்ட சொன்ன?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "என்ஜின்ட்டதான் சொல்லியிருப்பேன் போலருக்கு" என்றான். நடவு வரிசை முழுக்கச் சிரித்தது.

காத்தாயி எனக்குத் தூரத்து நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அப்பாவழிச் சின்னத் தாத்தாவின் பேத்தி. அந்த முறையில் அவள் மகன் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முறை மாப்பிள்ளை ஆனான். என் தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவள் மகள் அம்சத்தை நான்தான் வளர்த்தேன். அடுத்த தையில் அம்சத்தை வீரையனுக்குக் கொடுத்தோம். அதனால் இனிமேல் அவரை மரியாதையாகவே சொல்லி எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பம்புசெட்டில் என்ஜின் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம் இருக்கும். இரண்டையும் பெல்ட் சேர்க்கும். இரண்டு சக்கரமும் ஒரே நேராக இல்லாவிட்டால் பெல்ட் நழுவும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தேய்ந்து அறும். அதற்காக இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்ப்பார்கள். என்ஜின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடியில் தகடு செருகி நிமிர்த்துவார்கள். மாப்பிள்ளை இதில் பிடிவாதக்காரர். சட்டைப் பையில் எப்போதும் நூல் சுற்றிய குச்சி இருக்கும். மற்றவர் இரண்டு தரம் பார்த்து விடுகிறதை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பார். "கட்டிலக்கூட நூல் புடிச்சித்தான் போடுறாரு பெரியம்மா, தலைவலிக்குது" என்பாள் அம்சம்.

மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வோர் ஆனியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. குறுவை போடாத வயலில் என்ஜினுக்கு என்ன வேலை? வெளிநாட்டுக்குப் போகிற வழி மட்டும் தெருவுக்குத் தெரு திறந்துகொண்டே இருந்தது. கடைத்தெரு ஷேக் பரீத் பாய் சொல்லி மாப்பிள்ளை சவுதிக்குப் போனார். ஜெனரேட்டர் வேலை. போன இடத்திலிருந்து வந்த பணத்தில் அம்சம் வீடு கட்ட ஆரம்பித்தாள். கடைக்கால் போட்டாள், சுவர் எழுப்பினாள், ஜன்னலுக்கு மேலே லிண்டலும் ஓடிவிட்டது. தளம் போடப்போகிற நேரத்தில் அங்கே அந்த வேலை முடிந்து ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். வீடு மேலே திறந்தபடி நின்றது. பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் இவர்கள் இருந்தார்கள். மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும், கொட்டகைக்குள் நிற்காது.

அப்போதுதான் நடராசன் கூப்பிட்டார். குத்தாலத்துக்காரர். சவுதியில் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தவர். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், தான்சானியாவில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் நிறுத்துகிற கொட்டகையில் துடைக்க, கழற்ற, மாட்ட ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி விசா எடுத்துக் கொடுத்தார். தளம் போடுகிற அளவுக்கு இருந்தால் போதும், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனார். போகும்போதே அவர் முகத்தில் களை இல்லை. முதல் தடவை போகிறவனுக்கு இருக்கிற ஆவல் இரண்டாம் தடவை போகிறவனுக்கு இருப்பதில்லை.

அங்கே நடந்ததை அவரும் சொன்னார், பின்னால் நடராசனும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அங்கே காட்டுக்குள் இருக்கிற ஊர்களுக்கு ரோடு கிடையாது. மாவும் மருந்தும் கொண்டுபோய் இறக்குவதும், திரும்பும்போது நோயாளிகளை ஏற்றி வருவதும் சின்ன விமானங்கள்தான். நாலைந்து பேர் உட்காரலாம். மண் தரையில் இறங்கி மண் தரையிலிருந்தே கிளம்பும். அதற்காகப் பெரிய பெரிய டயர் போட்டிருப்பார்கள். ஓர் ஊரில் மட்டும் விமானம் இறங்குகிற திடல் நீளம் குறைவு, குட்டை. அதன் முடிவில் பள்ளம், பள்ளத்தில் ஓடை. இறங்கிவிடலாம், ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் கஷ்டம். அந்த ஊருக்குப் போக வழி உண்டா என்று பார்க்கத்தான் கம்பெனியின் கேப்டன் சோதனை செய்துகொண்டிருந்தார். வயசான ஆள், நியூசிலாந்துக்காரர்.

விமானத்தை இழுப்பது முன்னால் இருக்கிற காற்றாடி. அது எந்தக் கோட்டில் இழுக்கிறது என்பதை வைத்து, விமானம் சீக்கிரம் தரையை விடுமா, நீள ஓடித்தான் விடுமா என்பது மாறுமாம். ஏர் ஓட்டியவர்களுக்கு இது புரியும். ஏர்க்காலை நுகத்தடியில் ஏற்றிக் கட்டினால் உழவு ஒரு மாதிரி, இறக்கிக் கட்டினால் வேறு மாதிரி. மாடு என்னவோ அதே மாடுதான். கேப்டனும் அப்படித்தான் செய்தார். என்ஜினைத் தாங்குகிற சட்டம் விமானத்தோடு சேருகிற இடத்தில் மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு போல்ட். கீழ்ப் போல்ட்டில் மட்டும் கூடுதலாக வாசர் என்கிற வளையத் தகட்டைப் போட்டால் என்ஜினின் மூக்கு துளி மேலே பார்க்கும். பார்த்தால் தெரியாது. அந்தத் துளிக்காக மணல் மூட்டை ஏற்றி, காற்று கிளம்புவதற்கு முன் விடிகாலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். வாசர் மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். சக்கரம் தரையை விடுகிற இடத்தில் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு அடித்த கல்லை வைப்பது மாப்பிள்ளை வேலை.

வாசரைக் கேப்டன் தன் கையாலேயே மாற்றினார். என்ன செய்கிறோம் என்று மாப்பிள்ளைக்கு அவர் சொல்லாமலும் இல்லை. சொன்னதெல்லாம் இங்கிலீஷ். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்றார். டயர் பெரிதாக இருந்ததால், டயரைத்தான் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கல் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு யோசிக்க எங்கே தெம்பு? சோறு மட்டும் இறங்கியது, தூக்கம் வந்தது, அவ்வளவுதான் அத்தை என்றார்.

ஒருவழியாகக் கேப்டனுக்குத் திருப்தியான இடத்தில் கல் விழுந்தது. அந்தக் குட்டைத் திடலுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. போவதற்கு முன் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். கேப்டன் டவுனுக்குப் போயிருந்தார். கம்பெனி இன்ஜினியர் சட்டத்தைப் பார்த்துவிட்டு, சரி, மாட்டு என்று கை காட்டிவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை இருந்தது இருந்தபடி மாட்டினார். மாட்டி முடித்ததும் கை சட்டைப் பைக்குப் போனது. விமானத்தின் உடம்போடு ஒட்டி, பின்னாலிருந்து மூக்கு வரைக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். என்ஜின் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

கீழ்வேளூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? எவனோ வாசரை மாற்றிப் போட்டுவிட்டான், இல்லாவிட்டால் நாமே தப்பாக மாட்டிவிட்டோம் என்று முடிவு செய்தார். திரும்பக் கழற்றி, கீழே அதிகமாக இருந்ததை எடுத்துவிட்டு நாலு போல்ட்டுக்கும் சமமாகப் போட்டார். நூல் பிடித்தார். நேராக இருந்தது. இன்ஜினியர் வந்து நட்டு முறுக்கு சரியா என்று பார்த்தார். முறுக்கு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டாராம்.

மறுநாள் மாவு மூட்டை ஏற்றினார்கள். நடராசன் ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"போவட்டும்டா. இத்தன நாளு உன்ன கல்லத் தூக்கிக்கிட்டு ஓட விட்டதுக்கு இன்னிக்காவது பலன் தெரியுதான்னு பாப்போம்."

"டயரு நல்லாத்தானண்ணே இருக்கு."

"டயரா? டயருக்கும் இதுக்கும் என்னடா? என்ஜின மேல பாக்க வச்சிருக்காருல்ல, அதுக்குத்தான இத்தன கூத்து."

மாப்பிள்ளை தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"என்னடா, மூஞ்சி இப்படிப் போவுது?"

"அண்ணே, நான் அத நிமித்திட்டேன்."

"எத?"

"என்ஜினத்தான். நூல் புடிச்சேன், தூக்கிக்கிட்டு இருந்துச்சு. எவனோ தப்பா மாட்டிருக்கான்னு நாலுக்கும் சமமா போட்டு..."

"அட நாசமாப் போறவனே! இது என்ன உங்கூரு பம்புசெட்டாடா, நூல் புடிக்க?"

நடராசன் அவரை மூட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "இந்தா பாரு. முன்ன இது எப்படி இருந்துச்சு? நேராத்தான இருந்துச்சு? நேரா இருந்தப்பவும் பறந்துச்சுல்ல? பேசாம இரு. திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியாம மாத்திப்புடு."

"திரும்பி வர்றதுலதானண்ணே சிக்கல். அங்க ஆளு ஏத்திக்கிட்டுக் கெளம்பணும்ல."

"கேப்டன் கெட்டிக்காரரு. ஆளக் கொறச்சி ஏத்துவாரு."

"நேரா இருக்கறது அவருக்குத் தெரியாதேண்ணே."

நடராசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லு. போயிச் சொல்லு. அடுத்த பிளேன்ல மாவு மூட்டைக்குப் பதிலா உன்னத்தான் ஏத்துவான். தளம் போடணும் தளம் போடணும்னு என் உசுர வாங்குனியே, எதுல போடுவ? வாயிலயா?"

 அப்போது என்ன நெனச்சீங்க என்று பின்னால் மாப்பிள்ளையைக் கேட்டேன். "ஒண்ணும் நெனைக்கல அத்தை. கால் வலிச்சுது. ஊருக்குப் போயிடலாம் போல இருந்துச்சு. போனா அம்சம் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னும் இருந்துச்சு" என்றார்.

கேப்டன் படியில் ஒரு கால் வைத்திருந்தார். மாப்பிள்ளை போய் முன்னால் நின்று "நோ சார்" என்றார். அதுவரை அவர் அந்த ஆளிடம் "எஸ் சார்" தவிர வேறு சொன்னதில்லை. கேப்டன் திரும்பிப் பார்த்தார். மேலே சொல்ல மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது. நூலை எடுத்தார். வால் பக்கம் போய் ஒரு முனையைக் கேப்டன் கையில் கொடுத்தார், மறு முனையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். நூல் என்ஜின்மேல் அப்படியே ஒட்டிப் படிந்தது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான்தான் என்று.

கேப்டன் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. நடராசன் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "இதையும் நான்தான் சொல்லித் தொலைக்கணுமா?" என்று தமிழில் சொல்லிவிட்டு, மற்றதை இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் ஒன்றும் திட்டவில்லை. மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏற்றிய மூட்டைகளைத் தானே இறக்க ஆரம்பித்தார்.

அடுத்த விடியலில் மறுபடி சோதனை. முதலில் மாப்பிள்ளை நிமிர்த்தியபடியே ஓட்டினார்கள். மாப்பிள்ளைதான் ஓடிப்போய்க் கல் வைத்தார். பிறகு வாசரைப் பழையபடி போட்டு ஓட்டினார்கள். இந்தக் கல் வெகு கிட்டத்திலேயே விழுந்தது. கேப்டன் இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு, தூரத்துக் கல்லைக் காலால் தொட்டு ஏதோ சொன்னார். "அந்தத் திடலா இருந்தா இந்தக் கல்லு ஓடைக்குள்ள கெடக்குமாம்" என்று நடராசன் சொன்னார்.

முதலாளி கூப்பிட்டார். சொன்னதற்கு நன்றி என்றார், கை கொடுத்தார். கேட்காமல் கை வைக்கிற ஆளை விமானத்துப் பக்கம் விட முடியாது என்றும் சொன்னார். டிக்கெட் போட்டாகிவிட்டது. கேப்டன் விமான நிலையம் வரைக்கும் வந்தார், நடராசன் வரவில்லை. ஆளைக் கூட்டி வந்தவர் என்று அவர் பேரும் கெட்டிருந்தது.

ஐப்பசி அடைமழையில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தளமில்லாத வீட்டின் சுவரெல்லாம் பாசி பிடித்திருந்தது. அம்சம் அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"மொதலாளி பண்ணது அநியாயம்."

"அநியாயம் இல்ல. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

"அப்ப நீங்க பண்ணதுதான் அநியாயம். வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"ஏன் இருக்கல?"

"கேப்டன் படியில கால வச்சிட்டாரு அம்சம்" என்றார். அவள் என்னைப் பார்த்து, "பெரியம்மா, இவர எங்க புடிச்ச நீ?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்தப் புகையில் தெரியவில்லை.

அப்புறம் மாப்பிள்ளை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு ஏஜெண்டாக ஏறி இறங்கினார். பாதியில் ஏன் வந்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். இவர் எல்லாரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னார். "உடம்பு சரியில்லாம வந்தேன்னு சொல்லுங்களேன், யாரு வந்து பாக்கப்போறா?" என்று அம்சம் சண்டை போட்டாள். "சொல்லணும்னுதான் போறேன். அங்க போனா வரமாட்டேங்குது" என்றார். ஷேக் பரீத் பாய்கூட, "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி, கத ஆறட்டும்" என்றார். கதை ஆறவில்லை. கடைத்தெருவில் "பிளேன நிமித்துனவரு வர்றாரு" என்பார்கள். டீக்கடை பெஞ்சு ஆடினால், "வீரையா, ஒரு நூல் புடிச்சிப் பாரேன்" என்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

அதைவிட மோசம், தொழில் போனது. கை போகவில்லை, துணிச்சல்தான் போய்விட்டது. எந்த என்ஜினிடம் போனாலும் முதலில் வயல்காரரைக் கேட்பார். "இது சாஞ்சிருக்கு, வேணும்னே சாச்சி வச்சிருக்கீங்களா?" "நிமித்தவா?" "உறுதியா நிமித்தலாம்ல?" தண்ணீர் பாய வேண்டிய அவசரத்தில் நிற்கிற ஆள் எத்தனை தரம் பதில் சொல்வான்? "நான் எதுக்குய்யா உன்னக் கூப்பிட்டேன்? எனக்குத் தெரிஞ்சா நானே பாத்துக்க மாட்டேனா?" என்று ஒருவர் கத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு இவரை யாரும் கூப்பிடவில்லை. நூல் சுற்றிய குச்சியை அவர் சட்டைப் பையில் பிறகு நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் அம்சம் என் வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட் எடுத்திருப்பதாகச் சொன்னாள். குவைத்தில் வீட்டு வேலை. "அவரு போவ முடியாது பெரியம்மா. நான் போவலாம்ல? நான் எதையும் நிமித்த மாட்டேன், தொடைக்கத்தான் போறேன்" என்றாள்.  பிள்ளை இல்லாதவள்; வீடு ஒன்றுதான் அவளுக்கு. மாப்பிள்ளை அவளை ரயிலேற்றிவிட்டு வந்து, அந்தச் சுவர்களுக்கு நடுவே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோனேன். "வைங்க அத்தை, அப்புறமா" என்றார்.

அம்சம் அனுப்பியதில் தளம் போட்டாயிற்று. தளம் போட்ட அன்று ஜல்லி சுமக்க இவரும் நின்றார். மேஸ்திரி மட்டம் பார்க்கக் கூப்பிட்டபோது மட்டும், "நீங்களே பாத்துக்குங்க" என்று விலகிக்கொண்டார். அந்த வீட்டில் தனியாக ஒரு பொங்கல் வரைக்கும் இருந்தார். பிறகு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பூதலூருக்கு வேலைக்குப் போய்விட்டார். காரணம் ஊர்ப் பேச்சாக இருக்கலாம். அவள் போட்ட தளத்துக்குக் கீழே சும்மா படுத்திருப்பதாகவும் இருக்கலாம்.

நடராசன் போன வருடம் ஊருக்கு வந்தவர் என்னைப் பார்த்துப் போனார். அந்தக் கேப்டன் வயசாகி வேலையை விட்டு அவர் ஊருக்குப் போய்விட்டாராம். குட்டைத் திடலுக்கு விமானம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறதாம். "அவனப் பாக்கணும்னுதான் வந்தேன்" என்றார். பூதலூர் என்று சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்றார். பஸ் நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தடவை பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அம்சம் குவைத்திலேயே இருக்கிறாள். கீழ்வேளூர் வீடு பூட்டியிருக்கிறது. வீரையன் பூதலூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அரிசி ஆலையில் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டு, ஆலைக்குள்ளேயே ஓர் அறையில் இருக்கிறார்.